ஃபயர்வாலை அணைத்தும் "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்": தடுப்பது யார்?

கேள்வி: 2024 பிப்ரவரி 6, இரவு 11.42

"அண்ணா, பில் போடும் ஆப் ஒன்று, லாராவெல்லில் (பிஎச்பி மொழிக்கான ஃபிரேம்வொர்க்) எழுதியது. இதுவரை ஆப்பும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸும் ஒரே சர்வரில் இருந்தன. போன வாரம் டேட்டாபேஸை மட்டும் தனி சர்வருக்கு மாற்றினேன். இரண்டும் உபுண்டு 22.04, மைஎஸ்க்யூஎல் 8.0. பழைய மைஎஸ்க்யூஎல்லை நிறுத்திவிட்டேன். அன்றிலிருந்து '2002, கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்'. புது சர்வரில் பைண்ட் அட்ரஸை (மைஎஸ்க்யூஎல் எந்த முகவரியில் காது கொடுக்கும் என்பது) 0.0.0.0, அதாவது எல்லா முகவரியும் என்று ஆக்கினேன். யூசருக்கு ஹோஸ்ட் இடத்தில் % (எங்கிருந்தும் வரலாம்) போட்டு எல்லா உரிமையும் கொடுத்தேன். கடைசியில் அதன் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூவையே அணைத்தேன். லேப்டாப்பிலிருந்து வொர்க்பெஞ்ச் (டேட்டாபேஸைப் பார்க்கும் கருவி) கனெக்ட் ஆகிறது, ஆப் மட்டும் ஆகவில்லை. கிளவுட்காரன் உள்ளே எதையோ தடுக்கிறான், வேறு காரணம் இருக்க முடியாது. எரர் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் கீழே."

பிப்ரவரி 6, இரவு 11.58

தம்பி, முதலில் அந்த ஸ்கிரீன்ஷாட்டைத் தூக்கு. கீழ்ப்பாதியில் ஸ்டாக் டிரேஸ் (எரர் வந்த வழியின் பட்டியல்) இருக்கிறது, அதில் டேட்டாபேஸைக் கூப்பிடும் பிடிஓ வரியில் உன் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் முழுசாகத் தெரிகிறது. போர்ட் ஊருக்கே திறந்திருக்கிறது, யூசருக்கு %, பாஸ்வேர்ட் படத்தில். இதற்கு மேல் திருடனுக்கு டீ மட்டும்தான் போட்டுக் கொடுக்கவில்லை.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வா. படத்தை நீக்கினால் மட்டும் போதாது, பார்த்தவர்கள் பார்த்தாயிற்று.

பிப்ரவரி 7, நள்ளிரவு 12.20

2002 என்றால் சாக்கெட் (ஒரே மெஷினுக்குள் பேசும் கோப்பு வழி) கோளாறு, 2003 என்றால் நெட்வொர்க் கோளாறு. உனக்கு 2002 வருவதால் ஆப் "லோக்கல்ஹோஸ்ட்" என்று தேடுகிறது. அதை மாற்று. மாற்றியும் வரவில்லை என்றால் கிளவுட் பேனலில் செக்யூரிட்டி குரூப்பை, அதாவது கிளவுட்காரனின் ஃபயர்வாலைப் பார், மைஎஸ்க்யூஎல்லின் போர்ட் 3306 மூடியிருக்கும்.

பிப்ரவரி 7, காலை 7.05

நேற்று இரவு எழுதியதில் பாதி தப்பு. தூக்கக் கலக்கத்தில் பதில் எழுதக்கூடாது என்று எத்தனை தடவை முடிவெடுத்தாலும் எழுதிவிடுகிறேன்.

2002 சாக்கெட், 2003 நெட்வொர்க் என்ற கணக்கு டெர்மினலில் ஓடும் மைஎஸ்க்யூஎல் கிளையன்டுக்குச் சரி. பிஎச்பி இரண்டுக்கும் 2002 என்றே சொல்லும். அதனால் எண்ணை விட்டுவிட்டு அதன் பின்னால் வரும் சொற்களைப் படிக்க வேண்டும்.

"நோ சச் ஃபைல்" என்று வந்தால் சாக்கெட் கோப்பைத் தேடிக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஹோஸ்ட் பெயர் லோக்கல்ஹோஸ்ட் என்று இருந்தால் பிஎச்பியின் மைஎஸ்க்யூஎல் லைப்ரரி நெட்வொர்க் பக்கமே போகாது, நேராக சாக்கெட்டுக்குப் போகும். 127.0.0.1 (அதே மெஷினின் முகவரி) என்று எழுதினால்தான் டிசிபி, அதாவது நெட்வொர்க் வழி.

"டைம்ட் அவுட்" என்று அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்து வந்தால் பாக்கெட்டை வழியில் யாரோ சத்தமில்லாமல் போட்டுவிட்டார்கள். செக்யூரிட்டி குரூப்பும் யுஎஃப்டபிள்யூவின் வழக்கமான டினை (தடு) விதியும் செய்வது இதுதான்.

"ரெஃப்யூஸ்ட்" கண்ணிமைக்கும் நேரத்தில் வரும். அதாவது பாக்கெட் ஒரு மெஷினைப் போய்ச் சேர்ந்தது, அந்த மெஷின் "இந்தப் போர்ட்டில் யாரும் இல்லை" என்று திருப்பி அனுப்பியது. ஃபயர்வாலில் ரிஜெக்ட் விதி இருந்தாலும் இப்படித்தான் தெரியும், ஆனால் அது அவ்வளவாக நடக்காது.

ரெட் ஹாட், சென்ட்ஓஎஸ் பக்கம் இன்னொன்று உண்டு. ஃபயர்வால்டி தடுத்தால் "நோ ரூட் டு ஹோஸ்ட்" என்று வரும். ரூட்டிங் டேபிளை மாலைவரை நோண்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவன் நான்.

இப்போது உன் விஷயம். லேப்டாப்பிலிருந்து கனெக்ட் ஆகிறது என்கிறாய். அப்படியானால் புது சர்வரில் மைஎஸ்க்யூஎல் ஓடுகிறது, கதவு திறந்திருக்கிறது. பிறகு ஆப்பிடம் "யாரும் இல்லை" என்று சொன்னது எந்த மெஷின்? கிளவுட்காரன் தடுத்திருந்தால் டைம் அவுட் வந்திருக்கும்.

இரண்டு டெர்மினலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள். ஒன்று டேட்டாபேஸ் சர்வர், மற்றது வெப் சர்வர். இரண்டிலும் டிசிபிடம்ப்பை (பாக்கெட் போவதைக் காட்டும் கருவி) எல்லா இன்டர்ஃபேஸுக்கும் சேர்த்து, போர்ட் 3306-க்கு ஓடவிடு. அப்புறம் பிரவுசரில் பக்கத்தை ஒரு தடவை ரிஃப்ரெஷ் செய். எந்தத் திரை அசைகிறது என்று மட்டும் சொல்.

பிப்ரவரி 7, இரவு 9.30

பதில் வந்துவிட்டது. டேட்டாபேஸ் சர்வரின் திரை கல்லு மாதிரி நிற்கிறது. வெப் சர்வரில் இரண்டே வரி: 127.0.0.1-லிருந்து 127.0.0.1-இன் 3306-க்கு ஒரு "எஸ்", உடனே திரும்பி ஒரு "ஆர்". முதலாவது "வரலாமா", இரண்டாவது "போ". ஆப் தன் சொந்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறது. நீ திறந்து வைத்த கதவெல்லாம் இன்னொரு தெருவில்.

.என்வ் கோப்பில் (ஆப்பின் அமைப்புகள் இருப்பது) புது ஐபி போட்டிருப்பதாக அடித்துச் சொன்னாய், நம்புகிறேன். உன் டிப்ளாய் ஸ்கிரிப்டில் "கான்ஃபிக் கேஷ்" கட்டளை இருக்கிறதா? இருந்தால், லாராவெல் எல்லாக் கான்ஃபிகையும் ஒரே கோப்பாக உறையவைத்து எடுத்து வைத்திருக்கும். அதன்பிறகு .என்வ் கோப்பை அது திறந்தே பார்க்காது. நீ மாற்றியது உனக்கு மட்டும்தான் தெரியும். "கான்ஃபிக் கிளியர்" கொடுத்துவிட்டுப் பார்.

பிப்ரவரி 7, இரவு 9.51

"வந்துடுச்சு அண்ணா." நல்லது.

பிப்ரவரி 7, இரவு 11.10

படுக்கப் போகும்போது ஒன்று உறைத்தது, எழுந்து வந்து எழுதுகிறேன். அந்த ஸ்கிரீன்ஷாட்டிலேயே விடை இருந்தது.

பிஎச்பி டிரேஸில் நீளமான சரங்களை 15 எழுத்தோடு வெட்டிக் காட்டும். உன் பிடிஓ வரியில் முதலில் "மைஎஸ்க்யூஎல், ஹோஸ்ட் = 127." என்று போய்ப் புள்ளிகளோடு நின்றிருந்தது. அடுத்தது யூசர் பெயர். அதற்கடுத்து பாஸ்வேர்ட். அது 15 எழுத்துக்குள் இருந்ததால் முழுசாக வந்துவிட்டது. நான் பாஸ்வேர்டைப் பார்த்துப் பதறினேனே தவிர, அதே வரியில் இரண்டு சொல் முன்னால் இருந்த 127-ஐப் படிக்கவில்லை. புது சர்வரின் ஐபி 10-இல் தொடங்குகிறது என்று நீ சொல்லியிருந்தால்கூட அங்கேயே முடிந்திருக்கும் கதை. ஒரு நாள் போயிற்று.

பிஎச்பி 8.2 முதல் இந்த இடத்தில் பாஸ்வேர்டை மறைத்துவிடுகிறார்கள். உபுண்டு 22.04-இல் வருவது 8.1. அதோடு, டிரேஸில் இந்த மதிப்புகளே தெரிந்தன என்றால் பிஎச்பியின் டெவலப்மென்ட் அமைப்புகளுக்கான ஐஎன்ஐ கோப்பை புரொடக்‌ஷனில் போட்டிருக்கிறாய். எரரை விவரமாகக் காட்டும் ஆப் டீபக்கும் ட்ரூவில் இருக்கிறது. இரண்டையும் மாற்று.

இன்னொன்று. பழைய சர்வரில் மைஎஸ்க்யூஎல்லை நிறுத்தினாயே, அதுதான் உன்னைக் காப்பாற்றியது. நிறுத்தாமல் விட்டிருந்தால் எரரே வந்திருக்காது. பில்லெல்லாம் பழைய டேட்டாபேஸில் சமர்த்தாக விழுந்துகொண்டே இருந்திருக்கும். மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கிறவர் கேட்கும்போதுதான் தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 8, மதியம் 1.15

"பக்கம் வருது, ஆனா பில் மெயில் போகலை" என்கிறான் தம்பி. க்யூ வொர்க்கரை (பின்னணியில் மெயில் அனுப்பும் புரோகிராம்) ரீஸ்டார்ட் செய்தாயா? அது ஒரு தடவை எழுந்தால் பழைய கான்ஃபிகை நினைவில் வைத்துக்கொண்டே ஓடும். கேஷை அழித்தாலும் அதன் காதில் விழாது. "க்யூ ரீஸ்டார்ட்".

(மாலை: மெயில் போய்விட்டதாம். ஒரு வாரத்துப் பில் மெயில் மொத்தமாகப் போய், கடைக்காரர்கள் போன் போட்டுத் திட்டியிருக்கிறார்கள்.)

பிப்ரவரி 8, இரவு 10.40

"இப்பதான் எல்லாம் ஓடுதே, திறந்ததை அப்புறம் மூடிக்கலாமா?" என்று ஒரு கேள்வி. கூடாது. இன்றைக்கே மூடு.

ஷேடோசர்வர் என்ற இணையப் பாதுகாப்பு அமைப்பு 2022 மே மாதத்தில் இணையம் முழுக்கத் தேடிப் பார்த்தபோது, வெளியிலிருந்து தட்டினால் பதில் சொல்லும் மைஎஸ்க்யூஎல் சர்வர்கள் 36 லட்சத்துக்கு மேல் கிடைத்தன. ஆராய்ச்சிக்காரர்கள் தேடுகிற மாதிரிதானே மற்றவர்களும் தேடுவார்கள். நம்பிக்கை இல்லையென்றால் லாக் எரர் வெர்பாசிட்டியை (லாகில் எவ்வளவு எழுதலாம் என்ற மைஎஸ்க்யூஎல் அமைப்பு) 3 ஆக்கிவிட்டு ஒரு ராத்திரி விட்டுப் பார். வழக்கமான 2-இல் தோற்றுப்போன லாகின் முயற்சிகள் லாகில் விழாது, அதனால்தான் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறோம்.

நண்பர் ஒருவர் "டெஸ்ட் டேட்டா தானே" என்று திறந்து வைத்திருந்தார். ஒரு காலை பார்த்தால் டேபிள் ஒன்றும் இல்லை. "வார்னிங்" என்று ஒரே ஒரு டேபிள், அதில் ஒரே ஒரு வரி, பிட்காயின் கேட்டு. டெஸ்ட் டேட்டா என்று அவர் சொன்னது புரொடக்‌ஷனிலிருந்து எடுத்த நகல். அதில் நிஜ வாடிக்கையாளர்களின் போன் நம்பர்கள் இருந்தன.

நான் மட்டும் யோக்கியமா? டாக்கரில் (புரோகிராமைத் தனிப் பெட்டியில், அதாவது கன்டெய்னரில் ஓட்டும் கருவி) மைஎஸ்க்யூஎல்லை 3306-க்கு 3306 என்று பப்ளிஷ் செய்திருந்தேன். யுஎஃப்டபிள்யூ ஆனில் இருந்தது, 22, 80, 443 தவிர எல்லாம் டினை. ஸ்டேட்டஸ் அடித்தால் அழகாகப் பட்டியல் வரும், பார்த்துப் பார்த்துப் பூரிப்பேன். ஒரு நாள் வீட்டிலிருந்து விளையாட்டாக நெட்கேட்டில் (போர்ட்டைத் தட்டிப் பார்க்கும் கருவி) 3306-ஐத் தட்டினேன், திறந்தது. டாக்கர் தன் விதிகளை நேராக லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் எழுதிக்கொள்கிறது. பாக்கெட் யுஎஃப்டபிள்யூ பார்க்கும் இடத்துக்கு வராமலே கன்டெய்னருக்குள் போய்விடுகிறது. எட்டு மாதம் அப்படியே இருந்திருக்கிறது. பப்ளிஷ் செய்யும் இடத்தில் முன்னால் 127.0.0.1 சேர்த்தால் தீர்ந்தது. அன்றிலிருந்து ஃபயர்வாலின் ஸ்டேட்டஸை நான் நம்புவதில்லை. வெளியிலிருந்து தட்டிப் பார்த்தால்தான் உண்டு.

உனக்குச் செய்ய வேண்டியது: பைண்ட் அட்ரஸில் 0.0.0.0 வேண்டாம், பிரைவேட் ஐபியை, அதாவது உள் நெட்வொர்க் முகவரியைப் போடு. 8.0.13-லிருந்து கமா போட்டு ஒன்றுக்கு மேற்பட்ட முகவரி கொடுக்கலாம். அதனால் 127.0.0.1, பிரைவேட் ஐபி இரண்டும் போதும். மைஎஸ்க்யூஎல்லை ரீஸ்டார்ட் செய்ய மறக்காதே. % யூசரை நீக்கிவிட்டு, வெப் சர்வரின் ஐபியோடு புது யூசர். உரிமை அந்த ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும்: செலக்ட், இன்சர்ட், அப்டேட், டெலிட். டேபிள் அமைப்பை மாற்றும் மைக்ரேஷனுக்குத் தனி யூசர்.

பிப்ரவரி 10, காலை 8.30

"நீங்க சொன்ன மாதிரி பண்ணினேன், இப்ப 1130 வருது." இது நல்ல எரர் தம்பி, சந்தோஷப்படு. இப்போது பேசுவது நிஜமாகவே டேட்டாபேஸ் சர்வர். நெட்வொர்க் தாண்டி, போர்ட் தாண்டி, வாசல்வரை போயாயிற்று. "இந்த ஹோஸ்டுக்கு அனுமதி இல்லை" என்கிறது. எந்த ஹோஸ்ட் என்று அதே வரியில் ஒற்றை மேற்கோளுக்குள் போட்டிருக்கும், படி.

பிப்ரவரி 10, காலை 9.10

சரியாகப் போயிற்று. யூசரை வெப் சர்வரின் பப்ளிக் ஐபியோடு உருவாக்கியிருக்கிறான். பேச்சு நடப்பது பிரைவேட் நெட்வொர்க்கில், அதனால் டேட்டாபேஸ் பார்ப்பது 10.0.0.4. டேட்டாபேஸ் எந்த முகவரியைப் பார்க்கிறதோ அதைத்தான் கிராண்டில் (உரிமை கொடுக்கும் கட்டளை) எழுத வேண்டும், நாம் எதை நினைத்துக்கொண்டிருக்கிறோமோ அதை அல்ல.

1045 (லாகின் மறுப்பு) வந்தாலும் இதே வழி. அதிலும் யூசருக்குப் பக்கத்தில் ஹோஸ்ட் இருக்கும். கடைசியில் "யூசிங் பாஸ்வேர்ட்: நோ" என்று இருந்தால் பாஸ்வேர்ட் தப்பு என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், பாஸ்வேர்ட் போகவே இல்லை. பெரும்பாலும் .என்வ் படிக்கப்படவில்லை. மறுபடியும் அதே கேஷ்!

பிப்ரவரி 11, மாலை 4.00

டிஎல்எஸ் பற்றி, அதாவது பேச்சைப் பூட்டி (என்க்ரிப்ட் செய்து) அனுப்புவது பற்றி. தம்பி கேட்கவில்லை, நானாக ஆரம்பிக்கிறேன்.

மைஎஸ்க்யூஎல் 8 முதல் தடவை எழும்போதே தனக்கு ஒரு சான்றிதழைத் தானே எழுதிக்கொள்ளும். டெர்மினல் கிளையன்டில் போய் "எஸ்எஸ்எல் சைபர்" ஸ்டேட்டஸ் கேட்டால் சைபரின் (பூட்டும் முறை) பெயர் வரும். நானும் அதைப் பார்த்துவிட்டு என்க்ரிப்ட் ஆகிறது என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். டெர்மினல் கிளையன்டின் வழக்கமான நிலை "ப்ரிஃபர்ட்": முடிந்தால் பூட்டும், முடியாவிட்டால் திறந்தபடியே பேசும். பிஎச்பி அப்படிக்கூட முயலாது. சான்றிதழ் பாதை கொடுக்காதவரை அது திறந்தபடிதான் பேசும்.

ஒரு நாள் வேறு எதற்கோ டிசிபிடம்ப்பில் எழுத்துகளைக் காட்டும் தேர்வைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் புள்ளி புள்ளியாகக் குப்பை ஓடுகிறது, நடுவில் திடீரென்று ஒரு செலக்ட் வாக்கியம், அதன் பின்னாலேயே ஒரு பெயர், பத்து இலக்க எண், தெருப் பெயர். எனக்குத் தெரிந்த கடைக்காரருடையது. அன்று மாலைக்குள் சான்றிதழ் வேலையை முடித்தேன்.

லாராவெல்லில் டேட்டாபேஸ் கான்ஃபிகின் ஆப்ஷன்ஸ் பகுதியில் சிஏ (சான்றிதழுக்குக் கையெழுத்திடுபவர்) கோப்பின் பாதைக்கு ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது. அதில் மைஎஸ்க்யூஎல் தானே எழுதிய சிஏவைக் கொடுத்தால் "பெயர் பொருந்தவில்லை" என்று கத்தும். அந்தச் சான்றிதழில் சர்வரின் பெயர் இருக்காது, "ஆட்டோ ஜெனரேட்டட்" என்று ஏதோ இருக்கும். இந்த இடத்தில் இணையத்தில் கிடைக்கும் முதல் பதில், "சரிபார்ப்பதை ஃபால்ஸ் ஆக்கு" என்பது. ஆக்காதே. பூட்டைப் போட்டுவிட்டு, எதிரில் நிற்பது யார் என்று கேட்காமல் சாவியைக் கொடுக்கிற வேலை அது. ஓபன்எஸ்எஸ்எல்லில் உனக்கென ஒரு சிஏ, அதை வைத்து டேட்டாபேஸ் சர்வரின் பெயருக்கு ஒரு சான்றிதழ். பெயரை வெப் சர்வரின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பிரைவேட் ஐபியோடு எழுது, .என்வ்-இல் ஐபிக்குப் பதில் அந்தப் பெயர். அரை மணி நேர வேலை. முதல் தடவை மட்டும் மூன்று மணி நேரம்.

எல்லாம் ஓடிய பிறகு "ரிக்வயர் செக்யூர் டிரான்ஸ்போர்ட்" (பூட்டாத பேச்சை ஏற்காதே) ஆன். அதற்கு முன்னால் போட்டால் ஆப் வெளியே நிற்கும்.

பிப்ரவரி 11, மாலை 6.20

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். சைபரை டெர்மினலில் பார்க்காதே, ஆப்புக்குள்ளிருந்து அதே கனெக்‌ஷனில் கேட்டுப் பார். லாராவெல்லின் கட்டளைத் திரையான டிங்கரில் ஒரு வரி. காலியாக வந்தால் பூட்டு விழவில்லை.

பிப்ரவரி 12, இரவு 8.45

எஸ்எஸ்எச் டன்னல் (இரண்டு சர்வருக்கும் நடுவே பூட்டிய குழாய்) போதாதா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். போதும். இரண்டு சர்வரும் வேறு வேறு இடத்தில், நடுவில் பொது இணையம் என்றால் நானே அதைத்தான் செய்வேன். வெப் சர்வரின் 3307-ஐ அந்தப் பக்கத்து 127.0.0.1-இன் 3306-க்கு இழுத்துவிட்டால் டேட்டாபேஸ் போர்ட்டை வெளியே காட்டவே வேண்டாம்.

சிக்கல் டன்னல் சாகும்போது. அது சத்தமில்லாமல் சாகும். சர்வர் அலைவ் இன்டர்வல் 30, ஃபார்வர்டு தோற்றால் வெளியேறும் தேர்வு, லினக்ஸில் சேவைகளை ஓட்டும் சிஸ்டம்டியில் எப்போதும் ரீஸ்டார்ட், மூன்றும் வேண்டும். டன்னலுக்கான சாவிக்கு ஷெல் கொடுக்காமல், அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்து வை. ஆப்பில் ஹோஸ்டை 127.0.0.1 என்றே எழுதுங்கள். லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் அது சாக்கெட்டுக்கு ஓடிவிடும், டன்னல் சும்மா கிடக்கும். (நான் செய்திருக்கிறேன்.)

பிப்ரவரி 19, காலை 6.50

தம்பி தொடர்பில்லாமல் ஒன்று கேட்டான், ஆனால் தொடர்புள்ளதுதான்: "காலையில முதல் ரிப்போர்ட் மட்டும் கால் மணி நேரம் தொங்குது. பைத்தான் ஸ்கிரிப்ட், ராத்திரி முழுக்க சும்மா இருக்கும்."

கனெக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தால், நடுவில் உள்ள ஃபயர்வாலோ முகவரி மாற்றும் நாட் கேட்வேயோ "இவர்கள் பேச்சு முடிந்தது" என்று மறந்துவிடும். ஏடபிள்யூஎஸ் நாட் கேட்வே மறப்பது 350 நொடியில். மைஎஸ்க்யூஎல்லோ 28,800 நொடி, அதாவது 8 மணி நேரம் காத்திருக்கும். லினக்ஸ் "உயிரோடு இருக்கிறாயா" என்று முதல் தடவை கேட்பதே 7,200 நொடி கழித்து. இரண்டு முனையும் கனெக்‌ஷன் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, நடுவில் வழி போய்விட்டது. நடுவில் இருப்பது "போ" என்று சொல்லாமல் பாக்கெட்டை விழுங்கினால், லினக்ஸ் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துக் கைவிட சுமார் 15 நிமிடம் ஆகும். உன் கால் மணி நேரம் அதுதான்.

அந்த முதல் கேள்விக்கான கீப் அலைவ் நேரத்தை 300 நொடிக்குக் கீழே இறக்கு. இல்லையென்றால் ரிப்போர்ட் எடுக்கும்போது மட்டும் திறந்து, எடுத்ததும் மூடு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

பிப்ரவரி 19, காலை 7.30

அந்த பைத்தான் ஸ்கிரிப்ட் எந்த யூசரில் ஓடுகிறது என்று கேட்டேன். பதில் இல்லை. பிறகு, "பழைய % யூசர்தான் அண்ணா, நீக்கினதும் ரிப்போர்ட் நின்னுடுச்சு, அதனால மறுபடி போட்டு வெச்சேன்." பிப்ரவரி 8-இலேயே நீக்கச் சொன்னேன்.

மார்ச் 3, இரவு 10.05

தம்பி வெளியிலிருந்து, மொபைல் டேட்டாவில் நெட்கேட் போட்டுப் பார்த்துவிட்டான். 3306-க்கு ரெஃப்யூஸ்ட் வருகிறதாம். % யூசர் போயாயிற்று, ரிப்போர்ட்டுக்குப் படிக்க மட்டும் தெரிந்த தனி யூசர், ஆப்புக்குள்ளிருந்து கேட்டால் சைபர் பெயர் வருகிறது.

மார்ச் 3, இரவு 10.20

இரு. ரெஃப்யூஸ்ட்டா? ஃபயர்வால் இருந்தால் டைம் அவுட் அல்லவா வர வேண்டும். பைண்ட் அட்ரஸ் மாறியதால்தான் பப்ளிக் பக்கம் யாரும் இல்லை என்று பதில் வருகிறது. அப்படியானால் நீ கேள்வி கேட்ட அன்று அணைத்த யுஎஃப்டபிள்யூ இன்னும் அணைந்தேதான் கிடக்கிறது.

ஆன் செய்வதற்கு முன் 22-ஐ அனுமதி, அப்புறம் 10.0.0.4-லிருந்து 3306-ஐ அனுமதி. வரிசை மாறினால் நீயே வெளியே நிற்பாய், கிளவுட் பேனலின் கன்சோல் வழியாகத்தான் உள்ளே வர முடியும். அந்தக் கன்சோலின் பாஸ்வேர்ட் உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அதையும் முதலில் பார்த்துவிடு.